காண்பதும் கொள்வதும்

உழைப்புக் காலம் முடிந்து, ஆலைச் சங்கின் ஒலிக்கும் மேலாளரின் கட்டளைக்கும் அப்பாற்பட்ட நாட்களை ஒருவன் எய்தும்போது, எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு கழிப்பது என்னும் வினா அவன்முன் எழுகின்றது. சிலர் பேரப்பிள்ளைகளோடு காலங்கழிப்பர். சிலர் சங்கப் பணியில் ஈடுபடுவர். வேறு சிலரோ நகரத்தை விட்டு நீங்கி, மனித நடமாட்டம் குறைந்த வறண்ட நிலத்தில் ஒரு சிறு வீடு அமைத்து, புள்ளையும் விலங்கையும் மரத்தையும் மணலையும் கண்டு மகிழ்ந்திருப்பதே இனிய முதுமை என்று கருதுவர். இவ்வின்பத்தைக் குற்றமற்றது என்றே உலகம் கூறும். சூதாடுவோன் பிறர் பொருளைக் கவர்கின்றான். வேட்டையாடுவோன் உயிரைக் கவர்கின்றான். கண்ணால் காண்போன் எதனைக் கவர்கின்றான் என்று கேட்பர்.

இக்கூற்று முற்றும் உண்மைதானா? காண்பது மட்டும் எவ்வுயிர்க்கும் தீங்காகாதா? இயற்கையை நுகர்ந்து மகிழ்தல் பற்றறுத்த நிலையா, அன்றிப் பற்றின் மற்றொரு வடிவமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நூலறிவு கொண்டு மட்டும் இதனை ஆராய நான் முற்படவில்லை. ஒரு நண்பரின் முதுமையும், நான் செய்த ஒரு பிழையும் இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயின.

ஐதராபாத்தின் பழைய தொழிற்பேட்டைகளுள் ஒன்று சனத்நகர். அங்கே ஓர் ஆலையில் கடைசல் இயந்திரத்தின்முன் 34 ஆண்டுகள் நின்றவர் என் நண்பர். என்னினும் மூத்தவராதலின் அவரை அண்ணா என்றே அழைப்பேன். இரும்புத் தூளின் நெடியும், வண்டிகளின் இரைச்சலும், இரவிலும் அணையாத விளக்குகளுமே அவருடைய சூழலாயிருந்தன. ஆயினும் விடுமுறை நாட்களில் அவர் வனஸ்தலிபுரத்து மான் காட்டிற்குச் சென்று, வெளிமான் கூட்டத்தைக் கண்டு மாலையில் மீள்வார். 58 வயதில் ஓய்வு பெற்றதும், தம் தாயார் பிறந்த ஊராகிய, தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடிக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்று வாழ முடிவு செய்தார்.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒரு கேள்வி கேட்பர். கிராமம் என்பது நம்மவர் பலருக்கு அழகிய காட்சியாக இருந்ததில்லை. கூலியும் பசியும் அவமதிப்புமே அங்கு நம் முன்னோர் பெற்ற பங்கு. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிப் பாடுவோரைக் கடுமையாக மறுத்துரைத்தார். அக்கிராமத்தினின்று தப்பி வந்த ஒருவர், மீண்டும் அங்கே இன்பம் தேடிச் செல்வது ஏன்?

நானும் இதனையே கேட்டேன். அதற்கு அவர், "தம்பி, என் தாய் அந்த மணலில் விறகு பொறுக்கினாள். வெயில் அவள் தலையைச் சுட்டது. மணல் அவள் காலைச் சுட்டது. அங்கே நிமிர்ந்து நின்று ஒரு பறவையைப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் பொழுது வாய்க்கவில்லை. அவள் பார்க்காததை நான் பார்க்க வேண்டும்" என்றார். இச்சொல்லுக்குப்பின் நான் மறுத்துப் பேசவில்லை. நிலத்தை உடையவனுக்கு அதன் விளைவு உரியதாகலாம். அதன் அழகும் அவனுக்கே உரியது என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

அவர் சென்று வாழ்ந்த நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி ஆகிய ஊர்ப்புறங்களில் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. இவற்றைத் தேரி என்பர். மணல் துகள்களின்மேல் இரும்புத் துரு படிந்திருத்தலால் நிலம் குருதி நிறமாகத் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாக விரைந்து வீசும் மாதங்களில், மணல் இடம்விட்டு இடம் பெயரும். நேற்றிருந்த ஒற்றையடிப் பாதை இன்று இராது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. மணலில் இறங்கிய அந்நீர் தாழ்ந்த இடங்களில் சுனையாகக் கசியும். பனையும், உடைமரமும், முந்திரியும் அங்கு வளரும். சாயர்புரம் முதலிய இடங்களிலுள்ள இத்தேரிகளில் பண்டை வேட்டுவர் செய்த சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றைப்பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் 1956இல் ஆய்வுரை வெளியிட்டனர். ஆதலின் இந்நிலம் மனிதன் அடி படாத நிலமன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக ஏழை மனிதன் பசியோடு நடந்த நிலம்.

இளங்கோவடிகள் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்த வடிவமாகக் கூறினார். வறண்ட நிலத்தைக் குறைவுடைய நிலமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே அத்துணைப் பழையது. அரசின் ஏடுகளும் இத்தகைய நிலத்தைத் தரிசு என்றே குறிக்கின்றன. ஆனால் அங்கே வாழும் உயிர்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். தொண்டையை விசிறிபோல் விரிக்கும் சிறு ஓணான், மணல்மேல் தடம் பதித்துச் செல்லும் சுருட்டை விரியன், உடும்பு, கீரி, கௌதாரி, காடை, முயல், இரவில் கூவும் கண்கிலேடி ஆகியவற்றுக்கு அதுவே நிறைந்த நாடு. அங்கிருந்து சில காத தூரத்தில், திருநெல்வேலி தூத்துக்குடிச் சாலையை ஒட்டியுள்ள வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் வாழ்கின்றன. இந்தியாவில் அம்மான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுவே. 1987இல் அது சரணாலயமாக்கப்பட்டது.

நண்பரை முதன்முறை காணச் சென்றபோது, அவர் ஒரு பட்டுப்போன பனையைச் சுட்டிக் காட்டினார். அதன் உச்சியில் ஒரு பனங்காடை அமர்ந்திருந்தது. சிறிது நேரத்தில் அது பூச்சி ஒன்றைக் கண்டு பாய்ந்தது. அப்போது அதன் சிறகுகளில் விரிந்த நீலத்தைக் கண்டு நான் நாணமுற்றேன். நாணத்திற்குக் காரணம் யாதெனில் கூறுவேன்.

தெலுங்கர் பாலபிட்ட என்றழைக்கும் இப்பறவை தெலங்கானாவின் மாநிலப் பறவையாகும். தசராப் பண்டிகையன்று இதனைக் காண்பது நற்பேறு என்பது அந்நாட்டு மக்கள் நம்பிக்கை. முற்காலத்தில் ஊர்ப்புறத்து வயல்வெளிக்குச் சென்று கண்டனர். நகரம் பெருகி வயல்கள் மறைந்தபின், பறவையைக் காணச் செல்வதற்கு மாறாகப் பறவையையே மனிதனிடம் கொண்டுவரும் தொழில் தோன்றிற்று. பண்டிகைக்குச் சில நாட்கள் முன்னரே அதனைப் பிடித்து, சிறகையும் காலையும் கட்டிக் கூண்டிலிட்டு, தெருத்தெருவாகக் கொண்டு சென்று காட்டிக் காசு பெறுவர். இது சட்டத்திற்கு மாறானது. வனத்துறையினர் சில பறவைகளை மீட்கின்றனர். மீட்கப்பட்டவற்றுள்ளும் மீண்டும் பறக்கவியலாதவை உண்டு.

சனத்நகரில் என் வீட்டு வாயிலுக்கும் ஒரு முறை அக்கூண்டு வந்தது. நற்பேற்றில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் அப்பறவையின் நிலை கண்டு இரங்கி, கேட்ட தொகையைக் கொடுத்து, அதனை விடுவிக்கச் செய்தேன். ஓர் உயிரைக் காத்தேன் என்று அன்றிரவு நிறைவோடு உறங்கினேன். மறு ஆண்டு அதே மனிதன் என் வாயிலுக்கு வந்தான். இம்முறை அவன் கையில் கூண்டுகள் இரண்டு இருந்தன. "ஐயா சென்ற ஆண்டு நல்ல விலை கொடுத்தீர்களே" என்றான். என் இரக்கம் அவனுக்கு ஒரு சந்தையாயிற்று. கீழை நாடுகளில் பௌத்தர் பலர் பறவைகளையும் மீன்களையும் விலைக்கு வாங்கி விடுவிப்பதைப் புண்ணியமாகக் கொள்கின்றனர். அங்கும் விடுவிப்பதற்கென்றே பிடிக்கும் தொழில் வளர்ந்துள்ளது என்பதை நாம் அறிவோம். கொள்வோன் இருக்கும்வரை பிடிப்போன் இருப்பான். அவன் பசிக்கு அவன் பிடிக்கின்றான். என் நிறைவுக்கு நான் வாங்கினேன். இருவருள் எவன் செயல் பெரிது என்பதை நான் இன்றும் அறுதியிட்டுக் கூறத் துணியேன்.

இனி நண்பரின் பிழையைக் கூறுவோம். தேரியோரத்தில் அரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் அவர் வாங்கினார். முதல் கோடையில் ஐந்தாறு மயில்கள் நீர் தேடி வந்தன. அவற்றுக்கெனக் கல்தொட்டி ஒன்றில் நீர் நிரப்பினார். பின்னர் அவை நெடுநேரம் நிற்பதைக் காண விரும்பித் தானியமும் இறைத்தார். காலை ஆறு மணிக்கு அவர் வாயிற்கதவைத் திறக்கும் ஓசை கேட்டதும் மயில்கள் ஓடிவரும். ஆலையில் 34 ஆண்டுகள் எவருடைய வருகைக்கோ காத்துநின்ற மனிதருக்கு, தம் வருகைக்குக் காத்துநிற்கும் உயிர்கள் இருந்தன என்பது எத்துணை இன்பம் தந்திருக்கும்! இரண்டாம் ஆண்டில் மயில்கள் நாற்பதுக்கு மேலாயின.

அண்டை நிலம் ஒரு கைம்பெண்ணுக்கு உரியது. அவள் தன் மகனோடு உளுந்தும் நிலக்கடலையும் பயிரிட்டு வந்தாள். தொட்டியில் உண்டு நிறையாத மயில்கள் அவள் நிலத்தில் புகுந்து, விதையைக் கிளறியும் முளையைக் கொத்தியும் தின்றன. அவள் ஒருநாள் வேலியருகில் நின்று, "அண்ணாச்சி, நீங்கள் மயிலின் தோகையைப் பார்க்கிறீர்கள், நாங்கள் அதன் அலகைப் பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லிச் சென்றாள். நண்பர் அச்சொல்லை நயமான பேச்சாகக் கொண்டு எனக்குக் கடிதத்தில் எழுதினார். அதிலிருந்த முறையீட்டை அவர் அப்போது கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த விதைப்பு முடிந்த சில நாட்களில், அந்நிலத்தின் வரப்பில் மயில்கள் ஏழு இறந்து கிடந்தன. எவரோ நஞ்சு கலந்த தானியத்தை வைத்திருந்தனர். மயில் 1963 முதல் நாட்டின் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைக் கொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். விசாரிக்க வந்தவர்கள் அண்டை வீட்டு மகன்மேல் ஐயங்கொண்டு, நண்பரிடம் யாரைச் சந்தேகிக்கின்றீர் என்று வினவினர். அவர் கூறிய விடை: "நஞ்சு வைத்தவர் யாரென நான் அறியேன். அறியாததைச் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது மயில்களை அவ்விடத்தில் கூட்டியவன் யாரென அறிவேன். அவன் நானே."

இங்கே நம் ஆராய்ச்சியின் நடுவிடத்தை அடைகின்றோம். நண்பர் குற்றவாளியா? சேதனையே வினை என்பது நம் அறத்தின் அடிப்படை. மனத்தின் எண்ணமே செயலுக்கு அறத்தன்மை தருகின்றது. நண்பரின் எண்ணத்தில் கொலை இல்லை, பகை இல்லை, அன்பே இருந்தது. ஆதலின் அவர் குற்றமற்றவர் என்று ஒரு சாரார் கூறலாம். மற்றொரு சாரார், விளைவை நோக்குக. ஏழு உயிர்கள் மாய்ந்தன, ஒரு குடும்பத்தின் விதை அழிந்தது, ஓர் இளைஞன் சிறைவாயிலில் நின்றான். எண்ணம் எதுவாயினும் இவற்றை விளைவித்த செயல் தீச்செயலே என்பர்.

இரு கட்சியும் முழு உண்மையைக் கூறவில்லை என்பது என் கருத்து. முதல் நாள் நீர் வைத்தபோது நண்பர் அறிந்தது வேறு. அண்டை வீட்டுப் பெண் வேலியருகில் நின்று பேசிய பின்னர் அவர் அறிந்திருக்க வேண்டியது வேறு. அறியாமற் செய்ததற்கும், அறியக்கூடியதை அறிய முயலாமற் செய்ததற்கும் இடையே ஒரு தொலைவு உண்டு. அத்தொலைவைக் குறிக்க நம் ஆசான் ஒரு சொல் தந்துள்ளார். அப்பமாதம், அதாவது சோர்வின்மை, விழிப்போடிருத்தல். அவர் தம் இறுதி மொழியில் வலியுறுத்தியது இதனையே. அன்பு ஒன்றே போதும் எனின், இச்சொல்லுக்கு அவர் அத்துணைச் சிறப்பளித்திருக்க வேண்டுவதில்லை. அன்பு கண்களை மூடிக்கொண்டும் இருக்கக்கூடும். விழிப்பு அவ்வாறு இருத்தல் இயலாது. ஆதலின் நண்பரிடம் தீய எண்ணம் இல்லை எனினும், விழிப்பு இல்லாமை இருந்தது. கூண்டுக்காரனுக்குக் காசு கொடுத்த என்னிடமும் அதுவே இருந்தது.

அவ்விழிப்பின்மை எங்கிருந்து பிறந்தது? மணிமேகலை நவிலும் பன்னிரு சார்புகளுள் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. கண் மயிலைச் சந்திப்பது ஊறு. அதனால் மனத்தில் இனிமை தோன்றுவது நுகர்வு. இவ்விரண்டும் குற்றமல்ல, கண்ணும் மனமும் உள்ளவரை இவை நிகழ்ந்தே தீரும். நாளையும் காண வேண்டும், இன்னும் அருகில் காண வேண்டும், நான் விரும்பும் வேளையில் காண வேண்டும் என்பது வேட்கை. மயில் என்னுடையது, என்னைத் தேடி வருவது என்பது பற்று. முதலிரண்டில் மயில் இருந்தது. பின்னிரண்டில் மயில் மறைந்து, நான் என்பதே எஞ்சி நின்றது. தானியம் இறைத்த கை மயிலின் பசிக்கு இறைக்கவில்லை. மழைக்குப்பின் தேரியில் பூச்சிக்கும் விதைக்கும் குறைவேது? அது தன் கண்ணின் பசிக்கே இறைத்தது. கூண்டு என்றால் கம்பியாலேயே ஆக வேண்டுமென்பதில்லை. ஒரு பிடி கம்பும் கூண்டாகும்.

இவ்வாறு கூறின், இயற்கையைக் கண்டு மகிழ்வதையே கைவிட வேண்டுமோ என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டுவதில்லை. தேரகாதையில் தொகுக்கப்பட்ட பாடல்களில் மகாகாசியபர் முதலிய தேரர்கள் மலைகளையும், மழை முகிலையும், மயிலின் அகவலையும் கண்டும் கேட்டும் மகிழ்ந்தமை காணலாம். ஆசை துறந்தோர் என நாம் வணங்கும் முதியோர் அவர்கள். ஆனால் அம்மலையில் அவர்கள் வேலியிடவில்லை. அம்மயில் நாளை வாராதொழிந்தால் அவர்கள் வருந்தவும் இல்லை.

அரசர்களுள் இதனை உணர்ந்தவர் அசோகர். ஐதராபாத்தின் தெற்கே, கர்நூல் மாவட்டத்து எர்ரகுடியில், வறண்ட நிலத்துப் பாறைகளில் அவருடைய பதினான்கு பேரறிக்கைகளும் பொறிக்கப்பட்டுள்ளன. முதல் அறிக்கையில், தம் மடைப்பள்ளியில் முன்னர் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், அறிக்கை எழுதிய காலத்தில் அது மயில் இரண்டு, மான் ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்தது என்றும், அவையும் இனிக் கொல்லப்படா என்றும் அவர் கூறுகின்றார். தம்மிடம் எஞ்சிய குறையை மறையாமல் கல்லில் வெட்டிவைத்த அரசர் வேறெவர் உளர்? எட்டாம் அறிக்கை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. முன்னைய அரசர்கள் வேட்டை முதலிய களிப்புகளுக்காக உலாச் சென்றனர்; அசோகரோ முடிசூடிப் பத்தாண்டுகள் கழிந்தபின் போதிமரம் உள்ள இடத்திற்குச் சென்றார்; அதுமுதல் அவர் சென்றவை அற உலாக்கள் என்பது அதன் கருத்து.

இதில் கருதத்தக்கவை இரண்டு. ஒன்று, அவர் உலாவையும் மகிழ்ச்சியையும் விட்டுவிடவில்லை. அற உலாவில் தமக்கு மிக்க மகிழ்ச்சி உண்டாவதாகவே கூறுகின்றார். மகிழ்ச்சியின் பொருள்தான் மாறிற்று. இரண்டு, அவ்வுலாவின் பயன்களாக அவர் எண்ணியவற்றுள் முதியோரைக் காண்பதும் நாட்டுப்புற மக்களைக் கண்டு உரையாடுவதும் இடம் பெறுகின்றன. நிலத்தைக் காணச் செல்வோன் அந்நிலத்து மனிதரையும் காண வேண்டும் என்னும் உண்மை அங்கே அடங்கியுள்ளது. நண்பர் தொலைநோக்கியால் மயிலைக் கண்டார்; வேலிக்கப்பால் நின்ற பெண்ணைக் காணத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அவளைக் காணவில்லை.

நண்பர் இளமையில் சென்றுவந்த வனஸ்தலிபுரத்து மான் காடும் ஒருகாலத்தில் நிஜாமின் வேட்டை நிலமே. மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி 1975இல் அது அவர் பெயரைப் பெற்றது. துப்பாக்கியோடு நுழைந்த இடத்தில் இன்று மக்கள் வெறுங்கையோடு நுழைகின்றனர். மனிதனின் இன்பம் திருந்தக்கூடியது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அறிவின் பொருட்டுக் காண்பதிலும் விழிப்பு வேண்டும் என்பதற்குக் கடப்பை மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். முட்புதர்க் காட்டில் வாழ்ந்து இரவில் இரை தேடும் கலிவிகோடி என்னும் சிறு பறவையை ஜெர்டன் என்பார் 1848இல் முதன்முதல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார். 1900க்குப்பின் அதனை எந்த ஆராய்ச்சியாளரும் காணவில்லை. அழிந்தது என்றே பலர் எண்ணினர். 1986 ஜனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரின் நீண்ட தேடலுக்குப்பின், அவ்வூர் வேட்டுவர் ஒருவர் இரவில் விளக்கொளியில் அதனைக் கையால் பிடித்துக் கொடுத்தார். 86 ஆண்டுகள் அறிஞர் காணாததை அவ்வேழை மனிதர் அறிந்திருந்தார் என்பது ஒரு பாடம். பிடிபட்ட அப்பறவை சில நாட்களுக்குள் இறந்தது என்பது மற்றொரு பாடம். அக்கண்டுபிடிப்பால் அந்நிலம் லங்கமல்லேசுவரச் சரணாலயமாயிற்று, அது நன்மையே. ஆயினும் அன்பின் கையும், அறிவின் கையும், கை என்ற அளவில் இறுகக்கூடியவையே.

இனி மற்றொரு தடை. வயிறு நிறைந்தோர்க்கே இவ்வாராய்ச்சி. ஏழைக்குப் பறவையழகு எதற்கு என்பர் சிலர். இது ஏழையை அறியாதோர் கூற்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் எளிய உழவர்களே பறவைகளைக் காத்து வருகின்றனர். நாரையும் கூழைக்கடாவும் அவ்வூர்க் குளத்திலும், தெருவோரத்து மரங்களிலும், வீட்டுக் கொல்லைகளிலும் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டினின்று விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுகின்றனர். பறவையின் எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகின்றது. 1994இல் அரசு அதனைச் சரணாலயமாக அறிவிக்குமுன்னரே இவ்வழக்கம் இருந்தது. ராஜஸ்தானத்து வறண்ட நிலத்தில் வாழும் பிஷ்னோய் மக்களும் இத்தகையோரே. 1730இல் கேஜர்லி என்னும் ஊரில் வன்னிமரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து, அம்ருதா தேவி முதலாக 363 பேர் அம்மரங்களைத் தழுவியபடியே உயிர் நீத்தனர் என்பது அவர்கள் போற்றும் வரலாறு. இம்மக்களிடத்தில் காண்போனும் காக்கப்படுவதும் ஒரே ஊரின் குடிகள். அவர்கள் தீங்கையும் பங்கிட்டுக்கொள்கின்றனர், நன்மையையும் பங்கிட்டுக்கொள்கின்றனர். தேரியில் நண்பர் நன்மையைத் தமக்கும் தீங்கை அண்டை நிலத்திற்குமாகப் பிரித்துவிட்டார். அவர் செய்த பிழையின் சாரம் இதுவே.

பிழையை உணர்ந்தபின் அவர் என் செய்தார்? ஐதராபாத்திற்குத் திரும்பிவிடலாமா என்று எனக்கு எழுதினார். பிழை செய்த இடத்தை விட்டு ஓடுவது பிழையைத் திருத்துவதாகாது என்று பதில் எழுதினேன். அவர் தானியம் இறைப்பதை நிறுத்தினார். மயில்கள் பல நாள் காலையில் வந்து நின்று, கதவைப் பார்த்து, பின் கலைந்து சென்றன. அந்நாட்களில் உள்ளே அமர்ந்திருப்பது ஆலை வேலையினும் கடினமாயிருந்தது என்றார். அழிந்த விதைக்குரிய விலையை அண்டை வீட்டாரிடம் கொண்டு சென்றார். அப்பெண் பணத்தைப் பெற மறுத்து, "விதைத்த பதினைந்து நாளைக்குக் காவல் இருக்க ஆள் இல்லை அண்ணாச்சி, அதுதான் எங்கள் குறை" என்றாள். அன்றுமுதல் ஒவ்வொரு விதைப்புக் காலத்திலும் விடியுமுன் எழுந்து, பழைய தகரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு அவர் அவ்வரப்பில் நடக்கின்றார். மயிலைக் காண ஊர் சென்ற மனிதர் மயிலை விரட்டிக்கொண்டிருக்கின்றார்!

நான் அண்மையில் சென்றபோது இதனைக் கண்டு நகைத்தேன். அவரும் நகைத்தார். பின்னர், "தம்பி, முன்பு மயில் என்னிடம் வந்தது. இப்போது என்னைக் கண்டு ஓடுகின்றது. ஆனால் ஓடும்போதுதான் அது மயிலாக இருக்கின்றது என்று தோன்றுகிறது" என்றார். அண்டை வீட்டு மகன் அவ்வேளையில் வந்து, தேரியில் கட்டாமை முட்டையிட்ட இடம் ஒன்றைக் கண்டதாகவும், மிதிபடாமலிருக்க முள் இட்டு வைத்திருப்பதாகவும் கூறினான். அவ்விளைஞன் கண்ணுக்குத் தேரி எப்போதும் திறந்தே இருந்தது. அதனைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தார், அவ்வளவே.

தோட்டத்தை மரங்களால் நிரப்புமாறு பலர் அவருக்கு அறிவுரை கூறினர். செம்மணல் வெளியிலேயே வாழும் ஓணானுக்கும் கௌதாரிக்கும் நிழற்காடு வீடாகாது என்று அவர் மறுத்துவிட்டார். சீமைக்கருவேல் முளைத்தால் மட்டும் பிடுங்குகின்றார். பட்டுப்போன பனையை விறகுக்கு விலை பேசியோரையும் திருப்பி அனுப்பினார். அதன் பொந்தில் பனங்காடை குஞ்சு பொரிக்கின்றது. தொட்டியில் நீர் உண்டு. கோடையில் மட்டும், வேண்டியவை வந்து குடித்துச் செல்லுமளவிற்கு. அருகில் அமர்ந்து காத்திருக்க நாற்காலி இல்லை.

அன்பர்களே! முதுமை என்பது கொள்வதைக் குறைத்துக் காண்பதைப் பெருக்கிக்கொள்ளக் கிடைத்த காலம். செல்வம் உடையோர் மட்டுமே தேரிக்கும் கானகத்திற்கும் செல்ல வல்லர் என எண்ணற்க. சனத்நகரின் புகையிடையேயும் வேம்பும் அரசும் நிற்கின்றன. மின்கம்பியில் கரிச்சான் அமர்கின்றது. வானில் பருந்து வட்டமிடுகின்றது. எங்கிருந்து காணினும் மூன்று கேள்விகளை நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். என் காட்சிக்காக இவ்வுயிர் தன் இயல்பை விட்டதா? என் இன்பத்தின் விலையை வேறொருவர் கொடுக்கின்றாரா? நாளை இது வாராதொழிந்தால் நான் அதனை வாழ்த்தி விடுப்பேனா? இம்மூன்றுக்கும் தூய மனத்தோடு விடை கூற வல்லவன், பாலையிலிருப்பினும் பட்டணத்திலிருப்பினும், குற்றமற்ற இன்பத்தை எய்தியவனாவான்.

சென்ற தசராவுக்கும் அக்கூண்டு என் வாயிலுக்கு வந்தது. இம்முறை நான் காசு கொடுக்கவில்லை, கதவடைக்கவும் இல்லை. கூண்டுக்காரனை அமரச் செய்து, தேநீர் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பிற நாட்களில் என்ன தொழில் என்று கேட்டேன். ஐந்து ஆண்டுகளில் அவன் பறவையை நான் பலமுறை பார்த்திருந்தேன். அவன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். பேச்சு நெடிது நீண்டது. அவனுக்கு வேறு பிழைப்பு ஒன்று அமைத்துத் தரும் முயற்சியில் நம் அன்பர் சிலர் இப்போது ஈடுபட்டுள்ளனர். அன்று மாலை அவன் பறவையின் கட்டை என் கண்முன்னே அவிழ்த்தான். அது உடனே பறக்கவில்லை. மதிற்சுவரில் நெடுநேரம் அமர்ந்திருந்து, இருட்டுமுன் எழுந்து ரயில் பாதைக்கப்பால் சென்றது. எங்கே சென்றது என்று நாங்கள் இருவரும் தேடவில்லை.